எது மெலிசு?

கோயம்புத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு வீட்டில் கார் ஷெட் ஒன்று இருந்தது. கட்டிய நாளிலிருந்து அதில் கார் நின்றது கிடையாது. சுகந்தியின் வெல்டிங் மிஷின்தான் நின்றது.

சுகந்திக்கு முப்பத்தாறு வயது. பன்னிரண்டு வருடம் ஒரு மோட்டார் கம்பெனியில் வெல்டராக இருந்தவள், அதை விட்டுவிட்டு வீட்டிலேயே கேட்டும் கிரில்லும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கற்றுக்கொடு என்று யாராவது வந்து நின்றால் விரட்ட மாட்டாள். பாராட்டவும் மாட்டாள். அவள் ஷெட்டில் ஒரே ஒரு வழக்கம்தான் உண்டு. ஒரு சாமானைச் செய்து முடித்தவர் அதை வெளியே எடுத்துப் போகுமுன் அவளிடம் சாக்பீஸ் வாங்கி, தான் செய்ததிலேயே எந்த இடம் மெலிசு, எங்கே பலம் குறைவு என்று தன் கையால் வட்டம் போட்டுக் காட்ட வேண்டும். முக்காலி செய்தவருக்கும் அதே விதி, மொட்டைமாடி ஏணி செய்தவருக்கும் அதே விதி. அப்புறம் அதன்மேல் அவரே ஏற வேண்டும்.

“எது மெலிசு?” என்று கேட்பாள். அவள் நடத்தும் பாடம் அவ்வளவுதான்.

அந்த ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார் நஞ்சப்பன். அறுபத்து மூன்று வயது. முப்பது வருடம் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வாரம் “அம்மிணி, இங்க வா” என்று கூப்பிட்டவர், மூன்றாம் வாரத்திலிருந்து “அம்மிணி, இங்க வாங்க” என்று கூப்பிட்டார். அதற்குள் இரண்டு முறை விரலைச் சுட்டுக்கொண்டிருந்தார்.

முதல் நாளே சுகந்தி அவரிடம் கேட்டாள். “டிக்கெட் எடுக்காதவங்கள எப்படிங்கய்யா கண்டுபிடிப்பீங்க?”

“அதுல என்ன வித்தை இருக்குது? நா பஸ்ஸுல ஏறுனதும் எல்லாரும் என்னயப் பாப்பாங்க. டிக்கெட் இல்லாதவன் மட்டும் சன்னலைப் பாப்பான். வெளிய ஒரு எழவும் இருக்காது. ஆனாலும் பாத்துட்டே இருப்பான்.”

சுகந்தி சிரித்தாள். “சரிங்க. இந்தக் கண்ணாடியப் போட்டுக்குங்க. நெருப்பை நேராப் பாக்கக் கூடாது” என்று வேலையைத் தொடங்கிவிட்டாள்.

இந்த வயதில் மனிதர் வெல்டிங் கற்க வந்ததற்குக் காரணம் அவருடைய மனைவி பாவாத்தாள். எட்டு மாதத்துக்கு முன்னால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்ததில் அவளுக்கு முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கட்டிலே கதியென்று ஆகிவிட்டது. முதல் இரண்டு மாதம் புரட்டிப் போடவும் உட்காரவைக்கவும் நஞ்சப்பனே தூக்கினார். பிறகு அவர் முதுகும் போய், இனிமேல் பாரம் தூக்கினால் நீங்களும் பக்கத்துக் கட்டிலில் படுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அக்கம்பக்கத்தில் நல்லவர்களுக்குக் குறைவில்லை. நாலு பேர் பிடித்தால் குளியலறைக்குக் கொண்டுபோய்விடலாம். பாவாத்தாள்தான் ஒப்பவில்லை.

“நாலு பேரு தூக்கிட்டுப் போயிக் குளிப்பாட்டறது கடைசியா ஒரு நாள் தானா நடக்கும். இப்பவே எதுக்குங்க?” என்றாள். அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

எட்டு மாதமாக ஈரத்துணித் துடைப்புதான். தலைக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொள்ள அவள் ஏங்கியது நஞ்சப்பனுக்குத் தெரியும். காலையில் பக்கத்து வீட்டுப் பெண் தலை குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு பால் கொண்டுவந்து வைப்பாள். அவள் போன பிறகும் பாவாத்தாள் வாசற்படியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்க அவருக்குத் தாங்காது.

அதனால்தான் ஓர் இரும்புச் சட்டம் செய்ய வந்தார். இரண்டு பக்கமும் இரண்டு இரும்புக் கால், மேலே ஒரு உத்தரம், அடியில் நாலு சக்கரம். பார்ப்பதற்குப் பந்து விளையாடும் மைதானத்து கோல் போஸ்ட் போல இருக்கும். உத்தரத்தின் நடுவில் பாரம் தூக்கும் செயின் பிளாக் தொங்கும். அதன் கொக்கியில் தடித்த துணித் தொட்டில். கட்டிலுக்கு மேலே தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தி, தொட்டிலை உடம்புக்கு அடியில் கொடுத்து, கைச்சங்கிலியை இழுத்தால் ஆள் மெல்ல மேலே வருவாள். அப்படியே தள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போகலாம். கூட யாரும் வேண்டாம், புருஷன் ஒருவர் போதும்.

இரண்டு மாதம் உழைத்தார். வருகிற வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றிவிடலாம் என்று பாவாத்தாளுக்கு வாக்கும் கொடுத்துவிட்டார்.

இதில் ஒரு சங்கதி அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பதினொரு நாளைக்கு முன்னால், சுகந்தி காதுகுத்துக்காக உடுமலை போயிருந்த அன்று, இடது கால் குழாயைக் குட்டையாக அறுத்துவிட்டார். ஒரு சுண்டுவிரல் அகலம். தூக்கி நிறுத்திப் பார்த்தால் உத்தரத்துக்கும் காலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. வேறு குழாய் வாங்கிவர ஒரு மணி நேரம் போதும். ஆனால் சுகந்தி வந்து, துண்டாகிக் கிடக்கும் குழாயைப் பார்த்து, “குட்டையாயிருச்சுங்களா?” என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குத்தான் மனிதர் பயந்தார். தன் மகளைவிட இளையவள் ஒருத்தி அப்படிக் கேட்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எரிந்து மிஞ்சிய வெல்டிங் ராடு துண்டுகளைப் பொறுக்கி அந்தச் சந்தில் திணித்தார். மேலே வெல்டை ஓட்டினார். கிரைண்டர் வைத்து வழவழப்பாக்கினார். மேடுபள்ளம் தெரியாமல் பட்டி பூசினார். சாம்பல் பெயிண்ட் அடித்தார். முப்பது வருடம் அடுத்தவன் சட்டைப்பையைச் சோதித்த மனிதர் அன்று மத்தியானம் முழுக்கப் பூசி மெழுகிக்கொண்டிருந்தார். முடித்துப் பார்த்தபோது நாலு மூட்டிலும் அதுதான் அழகாக இருந்தது.

வியாழக்கிழமை வந்தது. மத்தியானம் மூன்று மணி. நாலு மணிக்குச் சட்டத்தை ஏற்றிப்போக டெம்போ வருவதாக ஏற்பாடு.

சுகந்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். சாக்பீஸை நீட்டினாள்.

“எது மெலிசுங்கய்யா?”

நஞ்சப்பன் சாக்பீஸை வாங்கினார். சக்கரத்தைப் பார்த்தார். வலது மூலையைப் பார்த்தார். அடிக்குழாயைத் தட்டிப் பார்த்தார்.

“எல்லாம் ஒண்ணு போலத்தானுங்க அம்மிணி இருக்குது.”

“ஒண்ணு கூட இல்லீங்களா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க.”

“சரிங்க” என்றாள் சுகந்தி. “ஏறி உக்காருங்க.”

அவள் உள்ளே போய் ஒரு பழைய மெத்தையை இழுத்துவந்து சட்டத்துக்கு அடியில் போட்டாள். தன் ஸ்கூட்டர் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து அவர் தலையில் மாட்டினாள்.

நஞ்சப்பன் ஹெல்மெட்டைத் தொட்டுப் பார்த்தார். “இது எதுக்குங்க?”

“எல்லாருக்கும் போடறதுதானுங்க.”

அவர் தொட்டிலில் உட்கார்ந்தார். சங்கிலி கடகடவென்று ஓடியது. கால் தரையை விட்டது. மெத்தைக்கு மேலே ஒரு முழம் தூக்கியதும் சுகந்தி நிறுத்தினாள். கைச்சங்கிலியை அவருக்கு எட்டாதபடி எடுத்துச் சட்டத்தின் காலில் சுற்றினாள்.

“எத்தன நேரமுங்க?”

“டீ வெச்சுட்டு வந்தர்றேன்.”

“அம்மிணி...”

அவள் போய்விட்டாள்.

ஒரு முழ உயரம். கீழே மெத்தை. தலையில் ஹெல்மெட். சின்னப் பிள்ளைகூடப் பயப்படாது. நஞ்சப்பன் தொட்டில் துணியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். தொட்டில் மெல்ல இடப்பக்கம் திரும்பியது, நின்றது, வலப்பக்கம் திரும்பியது. ஷெட்டின் சன்னல் வழியாக எதிர்வீட்டு மொட்டைமாடி தெரிந்தது. கொடியில் துணி காய்ந்தது. இரண்டு வேட்டி, ஒரு போர்வை, மூன்று சட்டை. திரும்ப எண்ணினார். இரண்டு வேட்டி, ஒரு போர்வை, மூன்று சட்டை.

மேலே எங்கேயோ ‘டிக்’ என்றது.

மூச்சைப் பிடித்துக்கொண்டார். வேறு சத்தம் வரவில்லை. வெயிலில் தகரக் கூரை விரியும் சத்தமாக இருக்கலாம். சங்கிலிக் கண்ணி இடம் மாறியிருக்கலாம். இல்லை, அதுவாகவும் இருக்கலாம். தலையைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். அவர் கொடியில் இருந்த போர்வையின் கட்டங்களை எண்ணத் தொடங்கினார்.

சட்டைப்பையில் போன் அடித்தது. பாவாத்தாள்.

“ஏனுங்க, வண்டி வந்துருச்சுங்களா?”

“இன்னும் வரல.”

“பக்கத்து வூட்டுப் புள்ளகிட்டச் சொல்லித் தலைக்குத் தேய்க்க அரப்புத்தூள் இடிச்சு வாங்கி வெச்சுட்டேன். நாளைக்கு வெடியக்காலமே ஊத்திக்கோணும். கொஞ்சம் எண்ணெய்யும் வெக்கச் சொல்லீருக்கறேன்.”

“ம்.”

“எங்க இருக்கறீங்க? கொரலு ஒரு மாதிரி இருக்குது?”

“தொட்டில்ல உக்காந்திருக்கறேன்.”

அந்தப் பக்கம் பாவாத்தாள் சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து அவர் கேட்டதில்லை. “எனக்கு முந்தி நீங்க ஏறீட்டீங்களாக்கும்? எப்படி இருக்குது?”

அவர் போர்வையின் கட்டங்களிலேயே கண்ணை வைத்திருந்தார்.

“பயமா இருக்குதுங்களா?” என்றாள் அவள்.

“உனக்குப் பயமா இல்லியா?”

“எனக்கென்ன பயம்? நீங்க செஞ்சது. கண்ண மூடிட்டு உக்காந்துக்குவேன்.”

போனை வைத்துவிட்டாள்.

நஞ்சப்பன் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு தொங்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அப்படியே தெரிந்தது. மேலே மூன்று துண்டு ராடு. கீழே குளியலறைச் சிமென்டுத் தரை. ஈரத்தரை. அந்தத் தரையில் மெத்தை இருக்காது.

சுகந்தி இரண்டு டம்ளரோடு வந்தாள். ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். தொங்கிக்கொண்டே டீ குடிக்கும் ஆளை யாராவது பார்த்தால் சிரித்திருப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்து தன் டீயைக் குடித்தாள்.

வெளியே டெம்போ ஹாரன் அடித்தது.

“வண்டி வந்துருச்சுங்க. எறக்கட்டுங்களா?”

“எறக்குங்க.” டம்ளரை அவளிடம் நீட்டினார். “எறக்கிட்டு அந்தச் சாக்பீஸக் குடுங்க.”

சுகந்தி சங்கிலியை அவிழ்த்து இழுத்தாள். நஞ்சப்பன் மெத்தையில் இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து, ஸ்டூல்மேல் ஏறி, இடது மூலையில் வட்டம் போட்டார்.

“குட்டையா அறுத்துட்டேனுங்க. நீங்க உடுமல போயிருந்தன்னிக்கு. உள்ள ராடு துண்டத் திணிச்சு மேல வெல்டு வெச்சிருக்குது.”

“எத்தன துண்டு?”

“மூணு.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஒரு நாலு பவுண்டு சுத்தியலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

முதலில் பட்டியைச் சுரண்டினார். பெயிண்ட் உதிர்ந்தது. உள்ளேயிருந்து ராடு முனைகள் மூன்றும் பல்லை இளித்தன. நஞ்சப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சுத்தியலை ஓங்கி அடித்தார். ஒரு அடி. இரண்டு அடி. தன்மேல் இருந்த கோபம் முழுவதையும் சேர்த்து ஐந்து, ஆறு, ஏழு. பத்தாவது அடியில் மூச்சு வாங்கியது. முதுகு சுரீரென்று இழுத்தது.

மூட்டு அசையவில்லை. ஒரு கீறல்கூட விடவில்லை.

அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், தடவிப் பார்த்தார். நம்ப முடியவில்லை.

டெம்போக்காரர் வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். “அட, அதான் கல்லுக் கணக்கா நிக்குதுங்களே! ஏத்துங்க போலாம். எனக்கு இன்னொரு லோடு இருக்குது.”

நஞ்சப்பன் சுகந்தியைப் பார்த்தார். “நிக்குதுங்க அம்மிணி.”

“ஆமாங்க. நிக்குது.”

“தாங்குமுங்களா?”

“பத்து அடி தாங்கீருக்குதுங்க.”

“அப்ப ஏத்தட்டுங்களா?”

“உங்க சாமானுங்க. உங்க வூடு. உங்க இஷ்டம்.”

இதற்கு அவள் திட்டியே இருக்கலாம். ஏற்று என்றாலும் ஏற்றியிருப்பார், வேண்டாம் என்றாலும் விட்டிருப்பார். இப்படி நட்டாற்றில் நிறுத்துவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. டெம்போக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டில் அரப்புத்தூள் தயாராக இருந்தது. பத்து அடி தாங்கியிருக்கிறது. ஐம்பத்தெட்டு கிலோ உடம்பைத் தாங்காதா? கொஞ்சம் பட்டி, கொஞ்சம் பெயிண்ட், அரை மணி நேரம் போதும்.

கண் தானாகச் சன்னல் பக்கம் போனது. எதிர்வீட்டில் துணியை எடுத்துவிட்டிருந்தார்கள். வெறும் கொடி ஆடிக்கொண்டிருந்தது.

நஞ்சப்பன் சுத்தியலைக் கீழே வைத்தார். கிரைண்டரை எடுத்தார்.

“வண்டிய அனுப்பீருங்க அம்மிணி.”

டெம்போக்காரர் “நல்லா இருக்கறத எதுக்குங்க அறுக்கறீங்க?” என்று தலையில் அடித்துக்கொண்டார். கிரைண்டர் கீச்சிட்டது. பொறி பறந்தது. சுகந்தி எழுந்துவந்து உத்தரம் சாய்ந்துவிடாமல் தோள் கொடுத்து நின்றாள். மூட்டு அறுந்து மூன்று ராடு துண்டுகள் தரையில் விழுந்து உருண்டன. அவற்றைப் பொறுக்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் நஞ்சப்பன்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான வேலை. போனை எடுத்தார்.

“பாவாத்தா, நாளைக்கு ஆவாது.”

“ஏனுங்க, வண்டி வரலீங்களா?”

“நாந்தான் தப்புப் பண்ணீட்டேன். ஒரு காலு குட்டையாப் போச்சு. சந்துல கண்டதைத் திணிச்சு மூடி மறச்சுட்டேன். உங்கிட்டவும் சொல்லல, அம்மிணிகிட்டவும் சொல்லல.”

“உடஞ்சு போச்சுங்களா?”

“இல்ல. பத்து அடி அடிச்சேன். உடையல.”

“உடையலீங்களா? அப்பறம் ஏனுங்க நாளைக்கு ஆவாது?”

“அறுத்துப் போட்டுட்டேன்.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுதிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. “உடையாததை எதுக்குங்க அறுத்தீங்க?”

நஞ்சப்பன் யோசித்தார்.

“தெரியல பாவாத்தா. கேட்டுச் சொல்றேன்” என்றார் கடைசியில்.

வெள்ளிக்கிழமை ஈரத்துணித் துடைப்போடுதான் போனது. அன்று காலை அவரும் அவளும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

மறுபடி குழாய் வாங்கினார். சுகந்தி கேட்பதற்கு முன்பே “குட்டையா அறுத்தது இது” என்று பழைய துண்டை அவள் முன்னால் வைத்து, அதன் பக்கத்திலேயே புதுக்குழாயைப் போட்டு அளந்தார். அறுத்து நிறுத்தியபோது சந்தில் ஒரு தாள்கூட நுழையவில்லை. வெல்டு வைத்தார். கசடைத் தட்டிவிட்டார். சுகந்தி டார்ச் அடித்துச் சுற்றிவரப் பார்த்துவிட்டு “ம்” என்றாள். அந்த ஷெட்டில் அதற்குமேல் பாராட்டு யாரும் வாங்கியது கிடையாது. பெயிண்ட் அடிக்க அவர் டப்பாவைத் திறந்தார். பிறகு மூடி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை சுகந்தி சாக்பீஸை நீட்டினாள்.

“எது மெலிசுங்கய்யா?”

நஞ்சப்பன் நேராக வலது மூலைக்குப் போனார். வட்டம் போட்டார். “இதுங்க. மொத மாசம் வெச்ச வெல்டு. கை நடுங்கியிருக்குது பாருங்க, அலை அலையா வந்திருக்குது. இங்க முக்கோணத் தகடு ஒண்ணு சேத்து வெக்கோணும். வெச்சாலும் இருக்கற நாலுல இதுதானுங்க மெலிசு.”

“தாங்குமுங்களா?”

“தாங்கும். எதுக்கும் ஏறிப் பாத்தர்றேன்.”

தகட்டை வைத்தார். தொட்டிலில் ஏறினார். மெத்தை, ஹெல்மெட், கைச்சங்கிலி எல்லாம் முன்போலவே நடந்தது. சுகந்தி டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், மனிதர் ஹெல்மெட்டோடு தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தார். அவள் எழுப்பவில்லை. இரண்டு டம்ளர் டீயையும் அவளே குடித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் சட்டம் வீட்டுக்கு வந்தது. டெம்போக்காரர் இந்த முறை வாயைத் திறக்கவில்லை. சுகந்தியும் கூட வந்து, சக்கரத்தைப் பூட்டி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தாள்.

தொட்டிலைப் பாவாத்தாளுக்கு அடியில் கொடுத்து, வார் நாலையும் கொக்கியில் மாட்டினார் நஞ்சப்பன். கைச்சங்கிலியைப் பிடித்தார். பிடித்துக்கொண்டு நின்றார். இழுக்கக் கை வரவில்லை. தான் இரண்டு முறை தொங்கியது வேறு, இது வேறு.

பாவாத்தாள் படுத்தபடியே மேலே பார்த்தாள்.

“அதென்னங்க, வட்டம்?”

“அதுதான் இருக்கறதுலயே மெலிசு.”

அவள் அதையே பார்த்தாள். சுகந்தி சுவரோரமாக நகர்ந்து நின்றாள்.

“தாங்குமா?” என்றாள் பாவாத்தாள்.

“தாங்கும். நேத்து நா அதுல தூங்கீட்டேன்.”

“சரி, தூக்குங்க” என்றாள். “நா அதைய ஒரு கண்ணு பாத்துக்கறேன்.”

சங்கிலி கடகடத்தது. அவள் உடம்பு கட்டிலை விட்டு எழும்பியது. கை இரண்டும் வாரை இறுகப் பிடித்திருந்தன. கண்ணை மூடவில்லை. கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும், சட்டம் வாசற்படிப் பலகையில் ஏறி ஒரு குலுக்குக் குலுக்கியபோதும், அந்த வட்டத்தை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை இறக்கியபோது நஞ்சப்பனின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் இன்னும் திறக்கவேயில்லை.

வெந்நீரை விளாவி வைத்தார். அரப்பைக் கரைத்து வைத்தார். சொம்பை எடுத்தார்.

பாவாத்தாள் கையை நீட்டினாள். “அதைய இங்க குடுங்க. என்ற கை நல்லாத்தான இருக்குது? நீங்க வெளிய இருங்க. முதுகு தேய்க்கறதுக்குக் கூப்புடறேன்.”

எட்டு மாதத்துக்கு அப்புறம் தன் கையாலேயே குளிக்கப்போகிறாள். அவர் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். வராந்தாவில் சுகந்தி தன் ஸ்பேனர்களைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே முதல் சொம்புத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதோடு “அம்மா!” என்று ஒரு குரல். வலியில் கூப்பிடும் அம்மா இல்லை என்பது இரண்டு பேருக்கும் புரிந்தது. நஞ்சப்பன் மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

சட்டைப்பையிலிருந்து மூன்று ராடு துண்டுகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“அம்மிணி.”

“சொல்லுங்கய்யா.”

“பாவாத்தா ஒண்ணு கேட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. உங்களக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லீருக்கறேன்.”

“என்னங்க?”

“பத்து அடி அடிச்சும் அது உடையல. அன்னிக்கே வண்டில ஏத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?”

சுகந்தி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“ஒண்ணும் ஆயிருக்காதுங்க. அது உடையாது. வெள்ளிக்கெழமையே அம்மா தலைக்கு ஊத்தீருப்பாங்க.”

“அப்பறம்?”

“தெனமும் அவங்களத் தூக்கீருப்பீங்க” என்றாள் சுகந்தி. “தெனமும் சன்னலைப் பாத்திருப்பீங்க.”